நந்தன் என்றொரு பெயர்

வயலில் நத்தை பொறுக்கி வந்து சமைத்துப் பசியாறிய காலம் நம் பாட்டிமார்களுக்கு நினைவிருக்கும். அந்த நத்தைக்குப் பழந்தமிழில் 'நந்து' என்று பெயர். அதே 'நந்து' என்ற சொல்லை வினையாக எடுத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினால் நேரெதிரான இரண்டு பொருள் கிடைக்கிறது. தழைத்தல், பெருகுதல் என்பது ஒன்று. கெடுதல், சாதல் என்பது இன்னொன்று. வடமொழிக்காரர்களைக் கேட்டால் நந்தன் என்பது மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் என்பார்கள். எது மூலம் என்பதை மொழியறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. இந்தப் பெயரைத் தாங்கியவர்களை யார் எழுதினார்கள்? எழுதும்போது எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்துவிட்டார்கள்?

தமிழில் இந்தப் பெயர் மிகப் பழையது. சங்கப் புலவர் மாமூலனார் அகநானூற்றில் நந்தரின் செல்வத்தைப் பாடுகிறார். பாடலிபுத்திரத்தில் குவிந்து கங்கையில் ஒளித்து வைக்கப்பட்ட செல்வம் அது. பொருள் தேடிப் போன தலைவனுக்கு அந்தச் செல்வமே கிடைத்தாலும் அங்கேயே தங்கிவிடமாட்டான் என்று சொல்வதற்கு அவருக்கு அந்த உவமை தேவைப்பட்டது. மகதத்தை ஆண்ட அந்த நந்தர்களின் பிறப்பைப் பற்றிப் புராணங்கள் சொல்வதைப் பாருங்கள். மகாபத்ம நந்தன் சூத்திரப் பெண்ணுக்குப் பிறந்தவன் என்கின்றன. அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய மேற்கத்தியர்களோ நாவிதர் மகன் என்ற பேச்சைப் பதிந்திருக்கிறார்கள். அந்த அரச குலத்தைச் சாணக்கியன் என்ற பிராமணன் குடுமியை அவிழ்த்துச் சபதமிட்டு வேரறுத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறோம். விசாகதத்தரின் முத்ராராட்சசம் நாடகம் அதன்மேல் நிற்கிறது. தாழ்ந்த பிறப்பு, பெரிய அதிகாரம், சூழ்ச்சியால் வீழ்ச்சி என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வோம், தஞ்சைக் கதைகளில் இது மறுபடியும் வரும்.

வேறு நந்தன்களும் உண்டு. புத்தரின் தம்பி ஒரு நந்தன். அவன் துறவியான கதையை அசுவகோசர் காவியமாக்கினார். கண்ணனை வளர்த்த நந்தகோபன் ஆண்டாளின் திருப்பாவையில் வருகிறான். பல்லவர்களில் நந்திவர்மன்கள் உண்டு. அவர்களில் ஒருவன், நந்திக்கலம்பகத்தைக் கேட்பதற்காகவே எரியும் சிதையில் உட்கார்ந்து உயிர்விட்டான் என்று ஒரு கதை. தமிழுக்காகத் தீயில் வெந்த மன்னன் என்று மேடைகளில் அவனைப் புகழ்வார்கள். அவனை அந்தணனாக்குவதற்காகவே அந்தத் தீ மூட்டப்பட்டது என்று யாரும் சொன்னதில்லை. அப்படியொரு விளக்கம் நம்மவனின் தீக்கு மட்டும்தான் கிடைத்தது.

நம்மவன் கதைக்கு வருவோம். அதற்குமுன் அவன் பிறந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட ஊர்களின் கணக்கு இருக்கிறது. எந்த நிலத்துக்கு வரி, எதற்கு வரி இல்லை என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். வரியில்லாத நிலப் பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்ற சொற்கள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கு இது. சேரி தனி, சுடுகாடும் தனி. உயிரோடிருக்கும்போதும் செத்த பிறகும் ஒதுக்கம் என்பது அன்றைக்கே நில அளவைக்குள் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் வந்துதான் சாதியை உண்டாக்கினான் என்று நம்மிடம் வாதாட வருகிறவர்களுக்கு நாங்கள் பெரிய கோயிலுக்கு வழி சொல்லி அனுப்புவது வழக்கம்.

எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கும்போது 'திருநாளைப்போவார்' என்று மட்டும் சொல்கிறார். நந்தன் என்ற பெயர் அங்கே இல்லை, சாதியும் இல்லை. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி, தம் அந்தாதியில் ஒரு பாட்டு ஒதுக்குகிறார். அதில் ஆதனூர் வருகிறது. அவருடைய புலைத்தன்மை நீங்கியதும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானதும் வருகின்றன. தீ இல்லை. நந்தன் என்ற பெயர் அங்கேயும் இல்லை. பெயரும் தீயும் சேர்ந்து வருவது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணத்தில்தான். பெயர் கிடைத்த அதே இடத்தில் நெருப்பும் கிடைத்தது என்பதை நாம் கவனிக்காமல் போக முடியாது.

சேக்கிழாரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் எழுதியிருப்பதைப் போல வேறு எந்தப் பழைய நூலும் ஒரு சேரியை எழுதவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். கோழிக்குஞ்சுகள் சுற்றித் திரியும் முற்றம், தோல்வார் கிடக்கும் வாசல், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் இரும்புக்காப்புப் போட்ட சிறுவர்கள், மருத மரத்து நிழலில் தோலை விரித்துப் பிள்ளையை உறங்கவைக்கும் உழத்தி, மாமரத்தில் தொங்கும் பறைகள் என்று வரிசையாக வருகிறது. அருவருப்பு இல்லாமல் எழுதப்பட்ட வரிகள். சமூகவியல் வகுப்பில் கள ஆய்வுக் குறிப்பு எழுதச் சொன்னால் பல மாணவர்களுக்கு இந்தக் கண் வாய்ப்பதில்லை.

அந்தச் சேரியில்தான் 'நந்தனார்' வருகிறார். பெயருக்குப் பின்னால் 'ஆர்' போட்டு எழுதுகிறார் சேக்கிழார். டெல்டாவில் சேரிக்காரர் பெயருக்குப் பின்னால் 'ஆர்' வருவது எவ்வளவு அரிது என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். பேரன் வயதுப் பிள்ளை பாட்டனை 'வாடா போடா' என்று கூப்பிட்ட ஊர்கள் அவை. நந்தனாரின் பிழைப்பையும் சேக்கிழார் சொல்லிவிடுகிறார். ஊரார் பறைத் தொழிலுக்காக விட்ட துடவை நிலம் அவருக்கு உண்டு, அதில்தான் சாப்பாடு. கோயில்களின் பேரிகைக்குத் தோல், கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை எல்லாம் அவர் கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே போகும். நரம்பும் கோரோசனையும் கருவறை வரை போகும். ஆள் வெளியே நிற்க வேண்டும்.

வைத்தீசுவரன்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்புன்கூரில், வெளியே நின்று பார்த்த நந்தனாருக்காக நந்தி விலகியது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அங்கே நந்தி விலகி இருப்பதை இன்றும் காட்டுகிறார்கள். கவனியுங்கள், நந்திதான் விலகியது. வாசல் விலகவில்லை. அதற்கடுத்துச் சேக்கிழார் சொல்லும் செய்தியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கோயிலுக்கு அருகே பள்ளமாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, அதைக் குளமாக வெட்டினார் நந்தனார். அது அவருடைய உழைப்பு. இப்போது திருப்புன்கூருக்குப் போனால் 'குளம் வெட்டிய பிள்ளையார்' என்று ஒரு சன்னதி இருக்கிறது. நந்தனாருக்குத் துணையாகப் பிள்ளையாரே வந்து குளம் வெட்டிக் கொடுத்தாராம். மண்வெட்டி பிடித்தவன் பெயர் பின்னுக்குப் போய், பிள்ளையார் பெயரில் குளம் நிலைத்துவிட்டது. பக்தர்களுக்கு இது அருளின் கதை. எங்களுக்கு இதைப் படிக்கும்போது கூலி கொடுக்காமல் விட்ட கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

இதே வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னும் பெரிதாக நடந்தது. மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் உண்டாக்கினார். அவர்தான் வேதியர். நந்தனின் ஆண்டை. சிதம்பரம் போக நந்தன் அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். அவர் மறுக்கிறார், திட்டுகிறார், கடைசியில் நாற்பது வேலி நிலத்தையும் பயிராக்கி அறுத்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ராத்திரியோடு ராத்திரியாகச் சிவனின் பூதகணங்கள் வந்து அத்தனையையும் விளைவித்துக் கொடுத்துவிடுகின்றன. திருப்புன்கூரில் குளத்தைப் பிள்ளையார் எடுத்துக்கொண்டார் என்றால், ஆதனூரில் அறுவடையைப் பூதங்கள் எடுத்துக்கொண்டன.

ஆனாலும் கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு காரியம் செய்தார். அவர் அதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, மிராசுதாரையும் பண்ணையாளையும் எதிரெதிரே மேடையில் நிறுத்திவிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பெரியபுராணத்திலிருந்து விலகியதும் ஒரு காரணம். அந்த விலகலில்தான் தஞ்சையின் உண்மை இருந்தது என்பது எங்கள் கருத்து. அடிமை முறையைக் கும்பினி அரசு 1843-இல் சட்டம் போட்டு ஒழித்திருந்தது. ஆனால் காவிரிக் கரையில் பண்ணையாள் உத்தரவில்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. சேக்கிழாரின் நந்தனாருக்குச் சிறு துண்டாவது துடவை நிலம் இருந்தது, ஆண்டை இல்லை. தாழ்வு தன் பிறப்பில் இருப்பதாக எண்ணித்தான் அவர் 'நாளைப் போவேன்' என்று தள்ளிப்போட்டார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனுக்கு நிலமே இல்லை. ஆண்டை விடாததால் தள்ளிப்போடுகிறான். இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏழு நூற்றாண்டில் ஒரு சாதி தன் நிலத்தை இழந்து பண்ணையாள் ஆன வரலாறு தெரிகிறது.

அந்தக் கீர்த்தனை ஊரெல்லாம் பரவியது. கதாகாலட்சேபக்காரர்கள் பாடினார்கள், மிராசுதார்கள் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். 1908-இல் சுப்பிரமணிய பாரதி, வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பார்த்துக் கலெக்டர் விஞ்சு பேசுவதாக ஒரு பாட்டு எழுதினார். அதன் மெட்டு, ஆண்டை நந்தனை அதட்டும் பாட்டின் மெட்டு. சுதேசித் தலைவரை நந்தனாகவும் வெள்ளைக்காரக் கலெக்டரை ஆண்டையாகவும் பார்க்க அந்த மெட்டு ஒன்றே போதுமாக இருந்தது. நாடே நந்தனாகிவிட்டது. நந்தனோ அதே வயலில் அதே ஆண்டையிடம் இருந்தான். இன்னொரு பாட்டில் நந்தனைப் போன்ற பார்ப்பானை இந்த நாட்டில் காணோம் என்ற பொருளில் பாரதி பாடினார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் உயர்த்திச் சொல்ல அந்த ஒரு சாதிப் பெயர்தானா கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. சோழ நாட்டில் நந்தன் என்ற பறையர் அரசன் ஆண்டான், சூழ்ச்சியால் அழிக்கப்பட்டான் என்ற வாய்மொழிக் கதை நெடுங்காலமாக உண்டு. 'நந்தன் படைத்த பண்டம் நாய் பாதி, பேய் பாதி' என்று பழமொழியும் உண்டு. ஆண்டவன் ஒருவன் இருந்தான், அவனுடையதை யார் யாரோ தின்றுவிட்டார்கள் என்று நாம் அதைப் படிக்கலாம். விழுப்புரம் பக்கம் பனமலை ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் நந்தன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பல்லவ நந்திவர்மனோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதியபோது நந்தனைப் பக்தனாக ஏற்கவில்லை. அவருடைய நந்தன் பௌத்த அரசன். வேஷப் பிராமணர்களின் சூழ்ச்சிக்கு ஆளானவன். ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள், வேதியர் பாத்திரத்துக்கு ஆதாரம் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அயோத்திதாசர் பெயரை மீட்க வரலாற்றை எழுதினார் என்றால், சுவாமி சகஜானந்தர் பள்ளிக்கூடம் கட்டினார். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த முனுசாமி என்ற பிள்ளைதான் அவர். சிதம்பரத்துக்கு வந்து ஓமக்குளத்தில் தங்கினார். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று நம்பப்படுவது அதுதான். அங்கேயே 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் பெயரில் பள்ளி, விடுதி, மடம் எல்லாம் வந்தன. காந்தி 1927-இல் அங்கே வந்தார். நந்தனார் தன்னை வருத்திக்கொண்டே தடைகளை வென்றவர், சத்தியாகிரகி என்பது காந்தியின் பார்வை. சகஜானந்தர் அதை மறுத்துப் பேசிக்கொண்டிருக்கவில்லை. வருகிற பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் சோறும் போட்டார். சட்டமன்றத்திலும் உட்கார்ந்து பேசினார். தீ மூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இடத்தில் உலை மூட்டியவர் அவர். இந்தப் பெயரின் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டெல்டாவின் வட பகுதியிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்த பலரின் வீட்டில் அந்த விடுதியின் பெயரைக் கேட்கலாம்.

அம்பேத்கர் 1948-இல் 'தீண்டப்படாதோர்' நூலை வெளியிட்டபோது அதை மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா. மகாராட்டிரத்துக்காரருக்கு சோகாமேளா சொந்த ஊர்க்காரர். ரவிதாஸ் வடக்கே. தெற்கிலிருந்து அவர் எடுத்த பெயர் நந்தன். பக்தி இயக்கத்தின் மீது கடுமையான விமரிசனம் வைத்திருந்த ஒருவர், தன் நூலின் முதல் பக்கத்தில் இந்தப் பெயரை ஏன் எழுதினார் என்பதை நம் தோழர்கள் யோசிக்க வேண்டும். நந்தனை அடிமைப் புத்திக்காரன் என்று ஒரே வரியில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது.

சினிமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், சம்பளம் ஒரு லட்ச ரூபாய். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர். 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். பாட்டுகள் அருமை, மறுப்பில்லை. நந்தனாக நடிக்கச் சேரியிலிருந்து ஒருவரைத் தேடியதாக மட்டும் நாம் எங்கும் படித்ததில்லை. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்று ஒரு கதை எழுதினார். காந்தி காலத்து ஆதனூரில் நடப்பது. சேரிக் கிழவன், சுயமரியாதைக்காரனாகிவிட்ட அவன் மகன், காந்தியவாதியான அக்கிரகாரத்துப் பையன் மூவரும் ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். இதில் யார் நந்தன் என்று வாசகனிடமே விட்டுவிடுகிறார்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். அவர்கள் கேட்டது நெல்லில் கொஞ்சம் கூடுதல் கூலி, செங்கொடிச் சங்கத்தில் இருக்கும் உரிமை. 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அதன்பின் நந்தன் கதையைப் பழையபடி யாராலும் சொல்ல முடியவில்லை. வெண்மணியை வைத்துக் 'குருதிப்புனல்' நாவல் எழுதிய இந்திரா பார்த்தசாரதிதான் அடுத்து 'நந்தன் கதை' நாடகத்தையும் எழுதினார். அவருடைய நாடகத்தில் தீ அற்புதம் இல்லை, சதி. பிராமணரும் பிராமணரல்லாத நிலக்காரரும் சேர்ந்து செய்யும் சதி. பெரியபுராணம் தீயின் மறுபக்கத்தில் பூணூலோடும் சடைமுடியோடும் ஒரு முனிவர் எழுந்து வந்ததாகச் சொல்கிறது. வெண்மணியில் மறுபக்கத்தில் என்ன கிடந்தது என்று டெல்டாவுக்குத் தெரியும்.

ஒரு சிறு குறிப்பு. தமிழ் ஆண்டுகள் அறுபதில் இருபத்தாறாவது 'நந்தன'. ஜோதிடத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1892 ஒரு நந்தன ஆண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. 1952 அடுத்த நந்தன. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக பி.சீனிவாசராவும் தோழர்களும் பத்தாண்டு நடத்திய போராட்டத்தின் பின், தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் அந்த ஆகஸ்டில் வந்தது. நினைத்த நேரத்தில் பண்ணையாளை வெளியேற்ற முடியாது என்று காகிதத்தில் எழுதியது அதுதான். 2012 அதற்கடுத்த நந்தன. நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டாம்பட்டியும் எரிந்தன.

2024-இல் இரா.சரவணன் இயக்கத்தில் 'நந்தன்' என்றே ஒரு படம் வந்தது. தனித் தொகுதி ஊராட்சியில் பொம்மைத் தலைவராக நிறுத்தப்படும் ஒருவரின் கதை. அவரை ஊரே 'கூழ்பானை' என்று அழைக்கிறது. பெயரைப் பிடுங்கிக்கொண்டு பட்டப்பெயரைத் தருவது டெல்டாவில் பழைய வழக்கம். மண்ணாங்கட்டி, குப்பன், பாவாடை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த காலமும் உண்டு. நல்ல பெயர் வைத்தால் ஆண்டை வீட்டில் கேள்வி வரும்.

நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் இப்போது அந்த நிலை இல்லை. அங்கன்வாடிப் பதிவேட்டில் நந்தகுமார் இருக்கிறான், நந்தினி நிறைய இருக்கிறார்கள், நந்திதா கூட வந்துவிட்டாள். வெறும் நந்தன் மட்டும் அரிது. எரிந்துபோனவன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதா என்ற தயக்கம் மூத்தவர்களிடம் இருக்கிறது. இளைய தலைமுறையில் சிலர் அண்ணல் பெயரோடு சேர்த்துப் பிள்ளைக்கு நந்தன் என்றும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கப் போகும்போது சில ஆசிரியர்கள் அதை நந்தகுமார் என்று திருத்தி எழுதப் பார்ப்பதுண்டு. பிறப்புச் சான்றிதழை நீட்டி, அதில் இருப்பதையே எழுதுங்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.